தட்டினால் திறக்கும்

எங்கள் வீட்டில் ஒருவர் கோபமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மரியாதை எவ்வளவு கூடியிருக்கிறது என்று கவனித்தால் போதும். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து என் அப்பா என்னைக் கழுதை என்றுதான் கூப்பிடுகிறார். "ஏ கழுதை, என் கண்ணாடியை எங்க வச்சே?" என்றால் அன்று வீட்டில் எல்லாம் சுகம். "என் கண்ணாடியைப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார் என்றால் நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம். என் மாமனாருக்கும் இதே வியாதி. "வாம்மா" என்று கூப்பிடுகிறவர் "வாங்கம்மா" என்று சொன்னால் நான் கொஞ்ச நாளைக்கு அடக்கி வாசிக்க வேண்டும். கல்யாணத்தின்போது எந்தெந்தப் பொருத்தமோ பார்த்தவர்கள் இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். இருவருக்கும் மனைவி இல்லை, இருவருக்கும் ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கும்போது இவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனாலும் சம்பந்திகள் என்றால் கல்யாண வீட்டில் கும்பிடு போட்டுக்கொண்டு அவரவர் வழியே போக வேண்டியவர்கள். தினமும் காலையில் ஒரே குளியலறைக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் இல்லை. "நீங்க போங்க சம்பந்தி." "சேச்சே, நீங்க முதல்ல." யார் குளிப்பது என்று முடிவாவதற்குள் என் கணவர் குளித்து, சாப்பிட்டு, வேலைக்கே கிளம்பிப் போய்விடுவார்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். டாக்டர்களோ வாய்க்குள்ளேயே பேசுகிறவர்கள். வலது முழங்காலா, இடது முழங்காலா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது மாமா ஹாலில் ரேடியோவைத் திறந்துவிடுவார். அப்பா என் அறைக் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "கழுதை, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று தகவல் சொல்வார். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவானின் நல்ல காலை நான் பழுதான காலாக அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் கண்ணில் பட்டதால் அந்தக் கால் தப்பியது, என் வேலையும் தப்பியது. இன்னொரு தடவை தப்பாது என்று எனக்குத் தெரியும்.

கடை வைக்கும் யோசனை அன்றைக்குத்தான் பிறந்தது. யோசித்தது நான், பெயர் வாங்கியது என் கணவர். அவருடைய நண்பர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் எழுத்துப் பொறிக்கும் லேசர் மெஷின் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு அறை காலியாக இருந்தது. அப்பா வாழ்நாள் முழுக்கப் பட்டறையில் லேத் ஓட்டியவர். மாமா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஒருவருக்கு மெஷின், ஒருவருக்கு எழுத்து. "உங்க திறமையெல்லாம் வீட்டுக்குள்ள வீணாகுது" என்று நாங்கள் இருவரும் சேர்ந்து உருகினோம். அவர்களும் நம்பி, தலைவாரிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார்கள். அன்று உலகத்தில் உள்ள முழங்கால்கள் அத்தனையும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

அந்த நிம்மதிக்குக் குழி பறித்தது கம்ப்யூட்டர். ஆட்கள் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று. ஒரே உறையில் இரண்டு கத்தி.

முதலில் அப்பாதான் எங்கேயோ வீடியோ பார்த்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு புரோகிராம் தானாகவே திறந்துகொள்ளும்படி செய்யக் கற்றுக்கொண்டார். மணி சொல்லும் கடிகாரம் ஒன்றை அப்படி வைத்தார். அரைமணிக்கு ஒரு தரம் அதற்குள்ளிருந்து ஒரு பெண், மூக்கடைத்த குரலில் மணி சொல்வாள். மாமாவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. சம்பந்தியிடம் போய் அதை நிறுத்துங்கள் என்று சொல்ல முடியுமா? தானாகத் திறக்கும் ரேடியோ ஒன்றை மாமா வைத்தார். அப்பா வானிலை வைத்தார். மாமா விதவிதமான எழுத்து வடிவங்களைக் காட்டும் புரோகிராம் வைத்தார். வைரஸ் வராமலிருக்க அப்பா ஒரு காவலைப் போட்டார், மாமா இன்னொரு காவலைப் போட்டார். அந்தக் காவல்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்து, காலையிலிருந்து வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். மாமா கடையைப் பெருக்குவார். அப்பா மெஷினைத் துடைப்பார். பூட்டுக் கடைக்காரர் வந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தன் ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பலகை செய்துகொள்ள வந்த பல் டாக்டரம்மா, உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நான் நாலு பல்லைப் பிடுங்கியிருப்பேன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

புகார் எல்லாம் என்னிடம் வரும், தனித்தனியாக. மாமா சமையலறைப் பக்கம் வந்து, "அந்தக் கடிகாரத்தை நைசா எடுத்துடும்மா. நான் சொன்னேன்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடாதே" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அப்பா வந்து, "கழுதை, உன் மாமனார் ரேடியோவை எடுத்துடு. நான் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாது" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எதை எடுத்தாலும் ஒரு வீட்டுக்குப் பேசியவள் ஆவேன் என்பதால் நான் எதையும் எடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அது வெடித்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, பணிவாக வெடித்தது.

"சம்பந்தி அவர்களே இனிமே கடையைத் தனியா பாத்துக்கட்டும்" என்றார் மாமா. "அவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருது. நான் வீட்ல இருந்துக்கறேன்."

அவர்களே என்றதும் என் கையில் இருந்த கரண்டி நின்றது.

"அது எப்படிங்க?" என்றார் அப்பா. "எழுத்து இல்லாம பலகை ஏது? சம்பந்தி அவர்கள்தான் கடையில இருக்கணும். நான் வீட்ல இருக்கேன்."

"உங்களை அனுப்பிட்டு நான் அங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்? நானே இருந்துக்கறேங்க வீட்ல."

"இல்லைங்க, நான்தான்."

விட்டுக்கொடுப்பதில் அப்படி ஒரு போட்டி. கடைசியில் இருவருமே ஜெயித்தார்கள். நாளையிலிருந்து இருவரும் வீட்டில்! என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சமயத்தில் வாயைத் திறக்காமலிருப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நான்தான் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் டைம் கொடுங்கள், நாளைக்குக் கடைக்கு லீவு விட்டுவிட்டு மறுநாள் ஒரு தடவை மட்டும் போய்ப் பாருங்கள், அதற்குள் நான் கம்ப்யூட்டரைச் சரிபண்ணி வைக்கிறேன், அப்புறமும் பிடிக்காவிட்டால் மூடிவிடலாம் என்றேன்.

"உங்க இஷ்டங்க" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மரம் கருகிய வாசனை அறை முழுக்க இருந்தது. அப்பாவின் பக்கம் ஸ்பானர்கள் உயரவரிசையில் நின்றன. மாமாவின் பக்கம் பென்சில்கள் அதைவிட ஒழுங்காக நின்றன. கம்ப்யூட்டரைப் போட்டேன். நடுவில் ரேடியோவும் கடிகாரமும் ஒன்றாகப் பேச, எல்லாம் ஓய்ந்த பிறகு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்அப் என்ற பகுதியைத் திறந்தேன். கூப்பிடாமல் வருகிறவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காவல்காரர்கள் இருவரைத் தவிர நான் எதையும் அழிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றின்மீதும் வலது பக்கம் கிளிக் செய்து டிசேபிள் என்று கொடுத்தால் அது கம்ப்யூட்டரிலேயேதான் இருக்கும். நாம் கூப்பிட்டால் வரும், கூப்பிடாவிட்டால் வராது, அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தை நிறுத்தினேன். ரேடியோவை நிறுத்தினேன். வானிலை, எழுத்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். காவல்காரர்கள் விஷயத்தில்தான் சிக்கல். அப்பாவுடையதை வைத்தால் பிறந்த வீட்டுப் பாசம் என்பார்கள், மாமாவுடையதை வைத்தால் அப்பாவை மறந்துவிட்டாள் என்பார்கள். இரண்டையும் வேரோடு எடுத்தேன். கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த காவல் ஒன்று உள்ளே இருந்தது. அந்த இருவரும் வெளியேறியதும் அது தானாக எழுந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின. ஒன்று, லேசர் மெஷினுக்கு வேண்டியது. இன்னொன்று என்னுடையது. கடை திறந்த வாரமே நான் போட்டு வைத்தது அது. கடைத் திரையில் நடப்பதை வீட்டில் என் கம்ப்யூட்டரிலேயே காட்டும். ஏதாவது தகராறு என்றால் உதவலாமே என்றுதான் போட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன். எதற்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். இருவரும் கடையில்தான் இருக்கிறார்களா, இல்லை வீட்டுக்குக் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளத்தான். அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டாத புரோகிராம் என்பது எப்போதும் அடுத்தவர் போட்டதுதானே?

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் தயாராக நின்றது. பூட்டைப் பூட்டும்போது நான் பாட்டுக்கூடப் பாடினேன்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பிப் போனதும் கடைத் திரையை என் திரையில் ஒரு ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் அம்பு நேர்கோட்டில் போய் நிற்கும், ஒரே ஒரு தடவை அழுத்தும். மாமாவின் அம்பு வளைந்து நெளிந்து, கோலம் போட்டுக்கொண்டே போய், எதையும் இரண்டு தடவை அழுத்தும்.

கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. கடிகாரம் இல்லை, ரேடியோ இல்லை. அம்பு வெகுநேரம் அசையவே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வளைந்து நெளிந்த அம்பு ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தது. நிறுத்தப்பட்டவை ஒவ்வொன்றின் மேலும் ஊர்ந்தது. அதற்குப் பிறகு நேர்கோட்டு அம்பு வந்தது. அது லேசர் மெஷினுடையதைத் தாண்டி, என்னுடையதன்மேல் போய் நின்றது.

சம்பந்தி போட்டதாக இருக்கும் என்று இருவரும் நினைத்துக்கொள்வார்கள், மரியாதைக்குப் பயந்து ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று மற்றதெல்லாம் நின்றுபோயிருக்க, இது ஒன்று மட்டும் சவுகரியமாக உட்கார்ந்திருந்தது. கேட்டிருக்கிறார்கள். நீங்க போட்டதா? நான் போடலையே, நீங்க? பிறகு அதன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்து இணையத்தில் தேடினார்கள். அது என்ன வேலை செய்யும் என்று பெரிய எழுத்தில் வந்தது. அதை அவர்களோடு சேர்ந்து நானும் படித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

பலகை வரையும் புரோகிராம் திறந்தது. மாமாவுக்குப் பிடித்த வளைவான எழுத்தில், திரை நிறைய ஒரு வரி வந்தது.

தாங்கள் நலமா?

தாங்கள்! அடுத்த நிமிடம் நேர்கோட்டு அம்பு என்னுடையதன்மேல் வந்து, டிசேபிளை ஒரே ஒரு தடவை அழுத்தியது. கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி திறந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. தொடர்பு இல்லை என்று என் திரை சொன்னது.

அரைமணி நேரம் மறுபடி மறுபடி தொடர்பைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தேன். மாமா எடுத்தார்.

"சொல்லுங்கம்மா."

"மாமா, அப்பா இருக்காரா?"

"இருக்காங்க. குடுக்கறேங்க."

அப்பா வந்தார். "வணக்கங்க. சொல்லுங்க."

"அப்பா, நான் உதவி பண்ணலாம்னுதான்..."

"ரொம்ப நன்றிங்க. வேலை நடக்குது. வச்சுடட்டுங்களா?"

வைத்துவிட்டார். வீடு நிசப்தமாக இருந்தது. ரேடியோ இல்லை, மழைத் தகவல் இல்லை. இந்த நிசப்தத்துக்காகத்தான் நான் ஒரு கடையையே கட்டி எழுப்பினேன். இப்போது அது என்னைக் கடித்துக் குதறியது. காதில் ஒரு டாக்டர் யாருடைய முழங்காலையோ பாதியில் திறந்து வைத்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினேன்.

கடைக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அது சாத்தியிருந்து நான் பார்த்ததே இல்லை. அதன்மேல் ஒரு புதுப் பலகை, இன்னும் கருகல் வாசனையோடு: தட்டினால் திறக்கும்.

கையைத் தூக்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யோவ் சம்பந்தி, அந்த 'ற' கோணலா நிக்குதுய்யா" என்றார் அப்பா.

"நீ உன் மெஷினைப் பாருய்யா. எழுத்தைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டான்" என்றார் மாமா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இருவரும் யோவ் போட்டுக்கொண்டு நான் கேட்டதே இல்லை. எத்தனை வருஷத்துச் சண்டை தீர்ந்துவிட்டது! சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் குறைத்துக்கொண்ட மரியாதை எல்லாம் சேர்ந்து இப்போது என் தலையில்தான் இறங்கப் போகிறது. சும்மா போன ஓணானை நானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

தட்டினேன்.

"யாருங்க?"

"நான்தான்ப்பா."

கதவு திறந்தது. "வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்றார் அப்பா. மாமா தன் கைக்குட்டையால் ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றார். சிரிப்பின் மிச்சம் இருவர் முகத்திலும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் குடுத்ததுக்கு நன்றிங்க" என்றார் அப்பா. "எங்க சாமானை எல்லாம் நிறுத்தினீங்க. நியாயம். உங்களுதை மட்டும் விட்டு வச்சீங்களே, அதுதான் புரியலை."

நான் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தேன்.

"அம்மா" என்றார் மாமா, கொஞ்சம் தணிந்த குரலில். "நாங்க வீட்ல இருந்தா உங்களுக்குத் தொந்தரவுன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்க ரூம் கதவுல ஒரு பலகை மாட்டியிருந்தா போதும். தட்டிட்டு வந்திருப்போம். அதுக்கு ஒரு கடையே வச்சுக் குடுத்தீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருவரிடம் ஒருவர் சொல்ல வாயில்லாமல் அவர்கள் கடிகாரமும் ரேடியோவுமாக வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று இத்தனை நாள் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அவர்களிடம் சொல்ல வாயில்லாமல் ஒரு கடையே வைத்தவள் நான்.

"தப்புதான்" என்றேன். "அப்போ... நாளையிலிருந்து ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடப் போறீங்களா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்குங்க?" என்றார் அப்பா. "இப்பத்தான் கம்ப்யூட்டர் ஓடுது. பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாச்சு, சாயங்காலம் வர்றாங்க. எங்களுக்கு வேலை இருக்குங்க."

அழுகை வந்துவிட்டது. "அப்பா, என்னை வாங்க போங்கன்னு சொல்லாதீங்கப்பா."

"மரியாதை குடுத்தா வேணாம்னு சொல்றீங்களே" என்று அப்பா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா மேஜை இழுப்பறையைத் திறந்து, வாசலில் இருந்த அதே பலகையின் ஜோடி ஒன்றை என் கையில் வைத்தார். "உங்க ரூமுக்குங்க" என்றார். அதில் 'ற' கோணலாக இல்லை.

அன்று இரவு எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்றார் மாமா. "நீங்க சாப்பிட்டா எங்களுக்கு நிறைஞ்ச மாதிரி" என்றார் அப்பா. என் கணவர் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பலகையைக் கதவில் மாட்டச் சுத்தியலோடு என் அறைக்குள் போன அந்த இருவரும் அங்கே கொஞ்சம் அதிக நேரமே இருந்தார்கள். ஆணி அடிக்க இவ்வளவு நேரமா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் இல்லை.

மறுநாள் காலை குளியலறைப் பக்கத்தில், "யோவ், சீக்கிரம் வாய்யா வெளியே" என்று சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ரேடியோ முழுச் சத்தத்தில் பாட ஆரம்பித்தது. அதற்கு மேலே ஒரு பெண், மூக்கடைத்த குரலில், எனக்கு மணி சொன்னாள். பக்கத்திலேயே வானிலை திறந்து, மழை வரும் என்றது.

"அப்பா! மாமா!" என்று கத்தினேன்.

வெளியே காலடிச் சத்தம் வந்து கதவுக்கு முன்னால் நின்றது. அடக்கப் பார்த்த சிரிப்பு ஒன்று மூக்கு வழியே வெளியேறியது. "தட்டுய்யா, பலகை போட்டிருக்கில்ல" என்றார் மாமா. தட்டும் சத்தம் கேட்டது. நேராக, அழுத்தமாக, ஒரே ஒரு தட்டு.

"என்னடி கழுதை, காலங்காத்தால எதுக்கு இப்படிக் கத்தறே?" என்றார் அப்பா.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.